மூன்று அம்புகள் பிறந்த கதை

தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன முக்கோணம் தெரியும். அதற்குள் ஓர் எண் இருக்கும். அட்டைப்பெட்டியின் ஓரத்திலும், நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையிலும், ரயில் நிலையத்துக் குப்பைத்தொட்டியிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மூன்று அம்புகள் ஓடும். எந்த நாட்டுக்குப் போனாலும், அந்த ஊர் எழுத்து நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், இந்தக் குறி மட்டும் புரிந்துவிடுகிறது. இதற்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் இருப்பதும் பாட்டிலின் அடியில் இருப்பதும் ஒரே குறி என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை இரண்டு வேறு குறிகள். ஒன்று 1970இல் பிறந்தது, மற்றது 1988இல். முதலாவதை ஒரு மாணவர் வரைந்தார். இரண்டாவதை ஒரு தொழில்துறைச் சங்கம் வகுத்தது. முதலாவதன் முகத்தை இரண்டாவது வாங்கி அணிந்துகொண்டதால் வந்த குழப்பத்தை உலகம் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் மாணவரின் கதை.

1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடற்கரைக்கு அருகே எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துக் கசிந்தது. எண்ணெயில் தோய்ந்து செத்த கடற்பறவைகளைப் படங்களில் பார்த்து அமெரிக்கர்கள் அதிர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கிளீவ்லாந்து நகரில் குயாஹோகா என்ற ஆறு தீப்பிடித்தது. தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெயும் கழிவும்தான் எரிந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1968 கிறிஸ்துமஸ் சமயத்தில், அப்பல்லோ 8 விண்கலத்தில் நிலவைச் சுற்றியவர்கள் எடுத்த பூமியின் படம் வெளியாகியிருந்தது. கருவானத்தில் தனியாக நிற்கும் அந்த நீல உருண்டையைப் பார்த்த பிறகு, குப்பையை அனுப்பிவைக்க வேறு இடம் இல்லை என்பது பலருக்கு உறைத்தது. 1970 ஏப்ரல் 22 அன்று முதல் புவி நாள் கடைப்பிடிக்கப்பட்டபோது சுமார் 2 கோடிப் பேர் தெருவுக்கு வந்தார்கள்.

அந்தச் சூழலில்தான் சிகாகோவின் கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. காகித மறுசுழற்சியைக் குறிக்க ஒரு சின்னம் வரைந்து அனுப்ப வேண்டும்.

இந்த நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1926இல் வால்டர் பேப்கே தொடங்கிய கம்பெனி இது. பழைய செய்தித்தாளையும் கிழிந்த பெட்டியையும் ஊறவைத்துக் கூழாக்கி மறுபடி அட்டை செய்வதில் அமெரிக்காவின் பெரிய ஆலைகளில் ஒன்று. கழிவுக் காகிதம் அவர்களுக்குக் கச்சாப்பொருள். ஊரில் யாரும் பழைய காகிதத்தைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் அவர்கள் ஆலை நின்றுவிடும். ஆகவே, காகிதம் திரும்பி வர வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது, அதை வாங்கிக்கொள்ளும் தொட்டியும் எந்திரமும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேப்கேக்குக் கலையில் ஆழ்ந்த பற்று. பெட்டி விற்கும் விளம்பரத்தைக்கூட நல்ல ஓவியர்களைக் கொண்டு வரையச் சொன்னவர். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியிலிருந்து வந்த ஹெர்பர்ட் பேயரைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். வெள்ளிச் சுரங்கம் வற்றி ஆள் நடமாட்டம் குறைந்துபோயிருந்த ஆஸ்பென் என்ற கொலராடோ மலையூரை அறிஞர்களும் கலைஞர்களும் கூடும் இடமாக்கினார். 1951 முதல் அங்கே ஆண்டுதோறும் சர்வதேச வடிவமைப்பு மாநாடு நடந்துவந்தது. பேப்கே 1960இல் இறந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் நிறுவனத்தில் தொடர்ந்தது. சின்னம் வேண்டும் என்றதும் விளம்பரக் கம்பெனியிடம் போகாமல் மாணவர்களிடம் கேட்டது அந்தப் பழக்கத்தால்தான்.

500க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றுள் மூன்று, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த 23 வயது கேரி ஆண்டர்சன் அனுப்பியவை.

ஆண்டர்சனுக்கு இந்தப் படம் வரைய ஓரிரு நாளே ஆனது. ஆனால் யோசனை முன்பே ஊறிக்கொண்டிருந்தது. கழிவுநீரை மறுபடி பயன்படுத்துவது பற்றி அவர் ஏற்கெனவே ஒரு விளக்கப்படம் செய்திருந்தார். வட்டமாகச் சுற்றும் அம்புகள் அதில் இருந்தன. படம் தட்டையாக இருந்தது அவருக்குத் திருப்தி தரவில்லை. சின்ன வயதில் செய்தித்தாள் அச்சகம் ஒன்றைப் பார்க்கப் போனபோது, நீண்ட காகிதச் சுருள் உருளைகளின் மேல் மடிந்து திரும்பி ஓடுவதைக் கண்ட நினைவு அவருக்குக் கைகொடுத்தது. அம்புகளைக் காகிதப் பட்டையாக்கி மடித்தார். டச்சு ஓவியர் எஷரின் படங்கள் அப்போது மாணவர்களிடையே வெகு பிரபலம். எறும்புகள் முடிவில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும் முறுக்குப் பட்டை ஒன்றை எஷர் வரைந்திருந்தார்; ஆண்டர்சனின் அம்புகளிலும் அந்த முறுக்கு வந்து சேர்ந்தது.

அந்த முறுக்குப் பட்டைக்கு மோபியஸ் பட்டை என்று பெயர். 1858இல் ஆகஸ்ட் மோபியஸ், யோஹான் லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மன் கணித அறிஞர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இதைக் கண்டறிந்தார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். விரற்கடை அகலத்தில் நீளமாக ஒரு காகிதத் துண்டை வெட்டுங்கள். ஒரு முனையை அரைச் சுற்று முறுக்கி மற்ற முனையோடு ஒட்டுங்கள். இப்போது பேனாவை எடுக்காமல் பட்டையின் நடுவே கோடு இழுத்துக்கொண்டே போங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் கடந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். இந்தப் பட்டைக்கு ஒரே ஒரு பக்கம்தான், ஒரே ஒரு விளிம்புதான். மறுசுழற்சிக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை. வெளியே போனது போலத் தெரிவதும் அதே பட்டையின் மேல்தான் இருக்கிறது.

ஆண்டர்சன் அனுப்பிய மூன்றில் மிக எளிமையானது வென்றது. நடுவர் குழுவில் ஹெர்பர்ட் பேயரும், திரைப்படத் தலைப்புக் காட்சிகளுக்குப் புகழ்பெற்ற சால் பாஸும் இருந்தார்கள். 1970 ஜூனில் நடந்த ஆஸ்பென் மாநாட்டோடு சேர்த்துத்தான் இந்தத் தேர்வு நடந்தது.

அந்த ஆண்டு மாநாட்டின் தலைப்பே சுற்றுச்சூழலும் வடிவமைப்பும் பற்றியதுதான். ஆனால் கூட்டம் சுமுகமாக நடக்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்து வந்த மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் மேடையைக் கேள்வி கேட்டார்கள். பெரிய கம்பெனிகளின் பணத்தில் கூடி, அந்தக் கம்பெனிகளின் பொருளையே அழகுபடுத்திக்கொண்டு சூழலைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். பிரான்ஸிலிருந்து வந்த குழுவும் சிந்தனையாளர் ழான் போத்ரியார் எழுதிய கண்டன அறிக்கையை அங்கே முன்வைத்தது. சூழல் பற்றிய பேச்சே உண்மையான அரசியல் கேள்விகளைத் திசைதிருப்பும் உத்தியாகிறது என்றது அந்த அறிக்கை. மாநாட்டுத் தலைவராக இருந்த எலியட் நோயஸ் அதன் பிறகு பதவியிலிருந்து விலகினார்.

மறுசுழற்சியின் சின்னத்துக்கு மகுடம் சூட்டிய அதே மாநாட்டில், பொருளைச் செய்து குவிப்பவர்களை விட்டுவிட்டு வாங்கிய குடும்பத்தை மட்டும் பொறுப்பாக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 1970இல் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று பலர் ஒதுக்கினார்கள். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அந்த இளைஞர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன்.

வென்ற படத்தை நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வில்லியம் லாயிட் கொஞ்சம் திருத்தினார். ஆண்டர்சன் முக்கோணத்தைக் கூர்முனை கீழே இருக்கும்படி வரைந்திருந்தார். லாயிட் அதைத் திருப்பி, அடிப்பக்கம் தரையில் உட்காரும்படி செய்து, கோடுகளை அழுத்தமாக்கினார். நிறுவனம் முதலில் சின்னத்தை வணிகக் குறியாகப் பதிவு செய்யப் பார்த்தது. சிறு கட்டணத்துக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது எண்ணம். ஆட்சேபங்கள் வந்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அப்படித்தான் சின்னம் பொதுச்சொத்தானது. இன்று கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் பட்டியலில்கூட அதற்கு இடம் உண்டு.

ஆண்டர்சன் மேற்படிப்பு முடித்து, கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் துறைகளில் பணியாற்றினார். சின்னத்தை ஏறக்குறைய மறந்தே போயிருந்தார். பின்னர் ஒருமுறை ஆம்ஸ்டர்டாம் போய் இறங்கியவர், பனிக்குடில் போன்ற ஒரு பெரிய தொட்டியின் மேல் தன் அம்புகளைப் பார்த்துத் திகைத்து நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தச் சின்னம் பிறப்பதற்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்குச் சின்னம் எதுவும் தேவைப்படவில்லை. பால் கண்ணாடி பாட்டிலில் வந்தது, காலி பாட்டில் திரும்பப் போனது. பீரும் குளிர்பானமும் அப்படியே. அமெரிக்கக் கடைக்காரர் சில காசு முன்பணம் பிடித்துக்கொண்டு, பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார். நம் ஊரிலும் அதுதான் வழக்கம். கோலி சோடாவைக் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டு பாட்டிலை வைத்துவிட்டுப் போவோம். இங்கிலாந்தில் 1870களில் ஹைரம் காட் வடிவமைத்த அந்தப் பாட்டில், கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் உழைத்தது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர் வீட்டு வாசலிலேயே பொருளுக்கு விலை பேசினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் மாறின. 1955 ஆகஸ்டில் லைஃப் இதழ், தட்டு, தம்ளர், துடைப்பான் எல்லாவற்றையும் வானத்தில் வீசி மகிழும் ஒரு குடும்பத்தின் படத்தை வெளியிட்டது. இனிப் பாத்திரம் கழுவும் வேலை மிச்சம் என்பது செய்தி. அதற்கு இரண்டு ஆண்டு முன், 1953இல், வெர்மான்ட் மாநிலம் திரும்ப வாங்கப்படாத பீர் பாட்டில்களுக்குத் தடை போட்டிருந்தது. சாலையோரம் வீசிய பாட்டில் வைக்கோலோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போகிறது என்று உழவர்கள் முறையிட்டதே காரணம். அதே 1953இல் டின், பாட்டில் கம்பெனிகள் சேர்ந்து 'அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்' என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கின. கண்ட இடத்தில் குப்பை போடாதீர்கள் என்று மக்களுக்குப் புத்தி சொல்வது அதன் வேலை. வெர்மான்ட் சட்டம் 1957இல் காலாவதியானது. அமைப்பு இன்றும் இருக்கிறது.

ஒரேகான் மாநிலம் 1971இல் வேறு வழி கண்டது. பாட்டிலுக்கும் டின்னுக்கும் முன்பணம் கட்டாயம், திருப்பித் தந்தால் 5 சென்ட் என்று சட்டம் இயற்றியது. 2017இல் அது 10 சென்ட்டாக உயர்ந்தது. மக்கள் திருந்த வேண்டும் என்று அந்தச் சட்டம் காத்திருக்கவில்லை, பாட்டிலுக்கு விலை வைத்தது. வீசியவன் வீசினாலும் பொறுக்கியவன் கொண்டுவந்து கொடுத்தான்.

இனி இரண்டாவது பிறப்புக்கு வருவோம்.

1987 மார்ச்சில் நியூயார்க்கை அடுத்த ஐஸ்லிப் ஊரிலிருந்து 3,000 டன்னுக்கு மேல் குப்பையை ஏற்றிக்கொண்டு மோப்ரோ 4000 என்ற தட்டுப்படகு கிளம்பியது. வட கரோலினாவில் இறக்குவதாகத் திட்டம். அங்கே வாங்கவில்லை. லூசியானா வேண்டாம் என்றது. மெக்சிகோ விரட்டியது. பெலிஸ் நாடும் விரட்டியது. மாதக்கணக்கில் கடலில் அலைந்துவிட்டு வந்த வழியே திரும்பிய குப்பையை கடைசியில் புரூக்ளினில் எரித்து, சாம்பலை ஐஸ்லிப்பிலேயே புதைத்தார்கள். அந்தப் படகு போன இடமெல்லாம் தொலைக்காட்சிக் கேமராக்களும் போயின. அமெரிக்கா தன் குப்பையை அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

கோபம் பிளாஸ்டிக்கின் மேல் திரும்பியது. ஐஸ்லிப் இருக்கும் சஃபோக் மாவட்டமே 1988இல் பிளாஸ்டிக் கடைப் பைகளையும் உணவுப் பொட்டலங்களையும் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற ஊர்களும் அதே யோசனையில் இருந்தன. அந்த 1988இல்தான் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் ஒரு குறியீட்டு முறையை அறிமுகம் செய்தது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், எண்ணைச் சுற்றி முக்கோணமாக ஓடும் மூன்று அம்புகள்.

எண்ணுக்கு ஒரு நியாயமான வேலை இருந்தது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 1. பால் கேன், எண்ணெய் கேன் செய்யும் கெட்டியான பாலித்தீனுக்கு 2. குழாய்க்கு ஆகும் பிவிசி 3. பை, பால் கவர் வகையின் மெல்லிய பாலித்தீன் 4. டப்பாவும் மூடியும் செய்யும் பாலிப்ரொப்பிலின் 5. தெர்மாகோல் 6. மற்றதெல்லாம், பல வகை ஒட்டிய கலப்பும் சேர்த்து, 7. தரம் பிரிப்பவருக்கு இது உதவும். இந்தியாவும் பின்னர் இதே எண் வரிசையை எடுத்துக்கொண்டது.

எண்ணை வட்டத்துக்குள் போட்டிருக்கலாம், சதுரத்துக்குள் போட்டிருக்கலாம். அம்புகளுக்குள் போட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாகக் காகித மறுசுழற்சியோடு மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட அம்புகள் அவை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்தக் குறி கட்டாயம் என்று சட்டமும் வந்தது. கடைக்கு வந்தவர் பாட்டிலின் அடியில் அம்பைப் பார்த்தார். இது திரும்பப் போகிறது, மறுபடி வரும் என்று நம்பி வாங்கினார். அந்த எண்ணுக்குப் பொருள் 'இது இன்ன வகைப் பிளாஸ்டிக்' என்பது மட்டும்தான். இதை வாங்கிக்கொள்ள எங்காவது ஓர் ஆலை இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை.

இங்கேதான் அந்த அட்டைப்பெட்டி ஆலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் அம்பு வரைந்தபோது அம்பின் மறுமுனையில் அவர்களே நின்றார்கள். 1988இல் அச்சிட்ட அம்புகளில் பலவற்றின் மறுமுனையில் யாரும் இல்லை.

பிளாஸ்டிக்கின் இயல்பும் இதற்குக் காரணம். எண் 1ம் எண் 3ம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் பெட் பாட்டில் குவியலில் பிவிசி கொஞ்சம் கலந்துவிட்டாலும் உருக்கும்போது மொத்தமும் கெட்டுவிடும். ஒரே எண்ணுக்குள்ளும் சாயம் வேறு, சேர்மானம் வேறு. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் தரம் குறையும். அதனால்தான் தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் மறுபடி தண்ணீர் பாட்டிலாவதில்லை, பாலியஸ்டர் நூலாகிறது. காகிதத்துக்கும் எல்லை உண்டு. நார் ஐந்து முதல் ஏழு சுற்றுக்குள் தேய்ந்துவிடும். கண்ணாடியும் அலுமினியமும்தான் எத்தனை முறை உருக்கினாலும் சளைக்காதவை. பழைய அலுமினியத்தை உருக்கினால் தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட 95 விழுக்காடு மின்சாரமும் எரிபொருளும் மிச்சம்.

எண் 7இல் விழும் ஒரு பொருள் நமக்கு நன்றாகப் பழக்கமானது. ஷாம்பூ பாக்கெட். அந்தச் சின்ன உறையில் வெவ்வேறு பிளாஸ்டிக் அடுக்குகளும், பல சமயம் அலுமினியப் பூச்சும் ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாது. பிரித்தாலும் ஒரு கிலோ சேர்க்க ஆயிரக்கணக்கில் பொறுக்க வேண்டும், அதற்குக் கூலி கட்டாது. ஷாம்பூவை இப்படிப் பாக்கெட்டில் போட்டு ஏழை வீட்டுக்கும் கொண்டுசேர்த்ததில் கடலூர்த் தொழில்முனைவோருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். அந்த உறையை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் கழிவாகிவிட்டது. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு, எரித்தது 12 விழுக்காடு. மிச்சம் 79 விழுக்காடும் குப்பைமேட்டிலோ மண்ணிலோ கடலிலோ இருக்கிறது. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வாளர்களின் கணக்கு இது.

தாமதமாகவேனும் சில திருத்தங்கள் நடந்திருக்கின்றன. 2013இல் இந்த எண் முறையைக் கவனிக்கும் தர நிர்ணய அமைப்பு, அம்புகளை நீக்கிவிட்டு வெறும் முக்கோணம் போடும்படி விதியை மாற்றியது. ஆனால் பழைய அச்சுகளை மாற்றும் கட்டாயம் இல்லாததால் அம்புகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2021இல் கலிபோர்னியா ஒரு படி மேலே போய், உண்மையில் திரட்டப்பட்டு மறுசுழற்சியாகாத பொருளின் மேல் அம்புகளை அச்சிடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2023இல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமையே, பிளாஸ்டிக் எண்ணைச் சுற்றி அந்த அம்புகள் இருப்பது மக்களைத் தவறாக எண்ணவைக்கிறது என்று எழுத்தில் சொன்னது. சின்னம் பிறந்த கலிபோர்னியாவிலேயே அதைக் காப்பாற்ற ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்று அம்புகளுக்குக் குறைத்தல், மறுபடி பயன்படுத்துதல், மறுசுழற்சி என்று பொருள் சொல்லிப் பள்ளிக்கூடங்களில் இப்போது கற்றுத்தருகிறார்கள். இது பின்னால் ஏற்றிய பொருள். 1970 போட்டி காகித மறுசுழற்சிக்கானது மட்டுமே. ஏற்றிய பொருள் நல்லதுதான், ஆனால் வட்டமாக வரைந்த படத்தில் எது முதல், எது கடைசி என்று தெரிவதில்லை. ஜப்பான் 2000இல் இயற்றிய சுழற்சிச் சமூகச் சட்டம் அந்த வரிசையைத் தெளிவாக வகுத்தது. முதலில் கழிவே வராமல் பார்க்க வேண்டும். வந்தால் அப்படியே மறுபடி பயன்படுத்த வேண்டும். அதற்கும் ஆகாததை உருக்கியோ அரைத்தோ மறுசுழற்சி செய்யலாம். அதுவும் முடியாததை எரித்து வெப்பம் எடுக்கலாம். எதற்கும் ஆகாததைத்தான் புதைக்க வேண்டும். அம்புகள் குறிக்கும் வேலை இந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது. நாம் அதை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் வர வேண்டிய இரண்டையும் செய்யாமல் இருக்கச் சமாதானமாகப் பயன்படுத்துகிறோம்.

தமிழ்நாட்டில் நம் கண்முன்னே நடந்த ஒன்று இருக்கிறது. நீலகிரிக் காடுகளில் உடைந்த மது பாட்டில்கள் யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டில் வந்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கின. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. குடிப்பவர்கள் ஒரே மாதத்தில் சூழல் ஆர்வலர்களாகிவிடவில்லை. பாட்டிலுக்கு விலை இருந்தது, வாங்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன் பல ஆண்டுகள் மலைப்பாதை நெடுக வைத்திருந்த அறிவிப்புப் பலகைகளால் இதைச் செய்ய முடியவில்லை.

பிளாஸ்டிக்குக்கும் இந்தியாவில் இதேபோல ஒரு சட்ட அடிப்படை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அதன் உறையைத் திரும்பத் திரட்டவும் பொறுப்பு என்று ஆண்டு இலக்கோடு சொல்கின்றன. காகிதத்தில் இருக்கும் அந்தப் பொறுப்பு தெருமுனைக் கடைவரை வந்தால்தான் அம்புக்கு மறுமுனை கிடைக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அம்பைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். 1, 2, 5 என்று இருந்தால் பழைய பேப்பர் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். எச்சில், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். அந்தக் கடைக்காரருக்கும், அவருக்குப் பொறுக்கிக் கொண்டுவந்து தருபவருக்கும் எண்கூடத் தேவையில்லை. வளைத்துப் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டு வகை சொல்லிவிடுவார்கள். நாடு செய்யும் மறுசுழற்சியில் பெரும்பகுதியை இவர்கள்தான் சுமக்கிறார்கள். பால் கவரை வெட்டும்போது மூலைத் துணுக்கைத் தனியாக அறுத்துப் போடாதீர்கள். கவரோடு தொங்கவிட்டால் அதுவும் எடைக்குப் போகும். 7 என்று இருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ, வேறு உறையில் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். பெரிய பாட்டிலாக வாங்க முடிந்தவர்கள் சிறு பாக்கெட்டை விட்டுவிடலாம்.

கடைக்காரரிடமும், பொருளைச் செய்யும் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? இல்லை என்று சொன்னால், அம்பை எதற்கு அச்சிட்டீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.